ஞாயிற்றுக்கிழமை ரயில்

"டீமேக்கர் ஐயா பண்ற கூத்தைக் கேட்டீங்களா தலைவரே? துரைக்குப் பக்கத்துல முழங்கால் போட்டுக்கிட்டு, பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் போடுறாரு!"

பொன்னையா சொன்னதைக் கேட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் கூடியிருந்த தொழிற்சங்கத்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பழனியாண்டி சிரிக்கவில்லை. அவர் தோட்டத்துச் சங்கத் தலைவர். கூட்டத்தில் சிரித்தால் கெத்து குறைந்துவிடும்.

"சிரிக்கிற விசயமாய்யா இது? படிச்ச மனுசன், நம்ம தமிழ் ஆளு. ஞாயித்துக்கிழமையானா வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிறாரு!"

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில், நாடு சுதந்திரம் வாங்கிய செய்தி துரைக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. சங்கம் என்றாலே ஆகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்களோடு லயத்துக்கு வந்து கூட்டத்தைக் கலைப்பார். முந்தைய தலைவர் செல்லசாமிக்கு வேலைநீக்கப் பத்துச்சீட்டைக் கொடுத்து, குடும்பத்தோடு தோட்டத்தை விட்டே விரட்டியவர்.

பழனியாண்டி தலைவரான பிறகு துரை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன் வரல?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பார் பழனியாண்டி. பதிலையும் அவரே சொல்லுவார். "பயம்! இந்தப் பழனியாண்டி யாருன்னு தெரிஞ்சுபோச்சு!"

சனம் கை தட்டும். பயந்து ஒதுங்கியிருந்தவர்களும் ஒவ்வொருவராகச் சங்கத்தில் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

"அந்த ஐயாகிட்ட நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வாங்கண்ணே" என்றாள் கொழுந்தெடுக்கும் மீனம்மா.

கேட்காமல் விடுவாரா? கூட்டம் முடிந்ததும், தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு டீமேக்கர் பொறுப்பில் தேயிலைத் தூள் தயாராகும் ஸ்டோருக்கு நடந்தார். துரையின் ஜீப் அப்போதுதான் பங்களாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு தேயிலைச் செடிக்குப் பின்னால் குனிந்திருந்து, அது போனதும் நிமிர்ந்து மாடியேறினார்.

மேலே பலகைகளின் மேல் குட்டித் தண்டவாளம் வளைந்து வளைந்து ஓடியது. தேயிலைப் பெட்டிப் பலகையைச் சீவி, தீக்குச்சி கனத்தில் சிலிப்பர் கட்டைகள். ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், யாழ்ப்பாணத்து டீமேக்கர் தம்பிஐயா முழங்காலில் நின்று குறடும் கையுமாக இருந்தார்.

"வாங்கோ தலைவர், இருங்கோ."

"நான் இருக்க வரலீங்க, கேக்க வந்தேன். அங்க நாங்க உசுரக் கொடுத்துப் போராடுறோம். நீங்க துரையோட ரயில் ஓட்டி விளையாடுறீங்க. நாளைக்குச் சரித்திரம் உங்கள மன்னிக்குமா?"

"பொறுங்கோ, இந்த ஆணி வரட்டும்."

"நல்லாத்தானே அடிச்சிருக்கு? அத எதுக்குப் புடுங்குறீங்க?"

"நல்லா இருக்கிறதுதான் கரைச்சல். இண்டைக்குத் துரை தன்ரை கையாலை ஆணி அடிச்சவர். ரயில் ஒருக்காலும் தடம் புரளேல்லை. வேலை முடிஞ்சுது, இனிப் பழையபடி ஞாயிற்றுக்கிழமையிலை நாயளோட லயத்துப் பக்கம் போகப்போறாராம்."

பழனியாண்டி ஜன்னல் வழியாக லயத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

தம்பிஐயா தண்டவாளத்தை ஒரு நூல் தள்ளி வைத்து, மறுபடி ஆணி அடித்தார். இஞ்சினை உருட்டிவிட்டார். பாதை பிரியும் இடத்தில் அது குடைசாய்ந்தது.

"நாளைக்குக் காலமை துரைக்குச் சொல்லிவிடுறன், குளிருக்குப் பலகை வளைஞ்சு போச்செண்டு. வாற ஞாயிறும் மனுசன் இஞ்சைதான் கிடப்பார்."

"அப்ப... இத்தனை நாளா...?"

"செல்லசாமியைப் பெண்சாதி பிள்ளையளோட லொறியிலை ஏத்தின அண்டைக்கு நான் இந்த ஜன்னலடியிலை நிண்டனான். அதுக்குப் பிறகுதான் எனக்கு ரயில் விளையாட்டிலை ஆசை வந்தது."

பழனியாண்டி தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார்.

"ஐயா, மன்னிச்சிருங்க. அடுத்த கூட்டத்துல எல்லாரு முன்னாலயும் உங்களப் பத்தி நான்..."

"ஐயோ, வேண்டாம்!" தம்பிஐயா பதறிப்போய் எழுந்தார். "இப்ப ஏசுறதை விடக் கூடுதலா ஏசுங்கோ. கூட்டத்திலை என்னைப் புகழ்ந்தீங்களெண்டால் துரைக்குச் சந்தேகம் வந்திடும்."