கடைசி யாரு?

நானும் மனைவி ஒடாலிஸும் மூன்று நாள் ஹவானா போய்வர ஒரு வருஷமாகத் திட்டம் போட்டோம். இன்று காலை சாந்தியாகோ பேருந்து நிலையத்தில் டிக்கெட் வாங்கப் போனவன், வழக்கம்போல, "கடைசி யாரு?" என்று கேட்டேன்.

மஞ்சள் கவுன் போட்ட பெண் கையைத் தூக்கினாள். "நான்தான். எனக்கப்புறம் நீங்க."

கவுன் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஊரில் மழை பெய்து ஒரு மாசமாகிறது. எங்கள் ஊரில் வரிசையில் நிற்க வேண்டாம், நமக்கு முன்னால் யார் என்று தெரிந்தால் போதும்; நான் நிழலில் போய் உட்கார்ந்தேன்.

என் முறை நெருங்கியபோது அவளைக் காணோம். அவளுக்கு முந்தைய ஆளிடம் விசாரித்தேன்.

"பொம்பளையா? எனக்கடுத்து நீதானப்பா வந்தே!"

எரிச்சலோடு இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

ஒடாலிஸ் சமையலறையிலிருந்து சிரித்தாள். "குளிக்க ஒரு வாளித் தண்ணிதான் இருக்கு, மகராசா. கடைசி யாரு?"

படுக்கையறையில், திறந்து வைத்திருந்த பயணப்பெட்டியருகே, காலையில் கேட்ட அதே பெண்குரல் சொன்னது.

"நான்தான். எனக்கப்புறம் நீங்க."