பதியாத ஓடை

வரைபடத்தில் ஏறிய ஓடைகளெல்லாம் குழாய்க்குள் போய்விட்டன. மிச்சமிருப்பதைத் தேடி மலையேறுவதுதான் அளவையர் செல்வினின் வேலை. எட்டு நாள் நடந்து, சோலைக்குள் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் கரையில் பூங்கனி என்ற பெண் நீட்டிய கால்களில் கைக்குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவருடைய சீருடையைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

அவர் தோளிலிருந்த பதிவுக் கருவி கேட்டது: “தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. ஓடையா?”

குழந்தை ஈர முகத்தோடு அவரைப் பார்த்துச் சிரித்தது.

“இல்ல,” என்றார் செல்வின். “ஒரு அம்மா பிள்ளையக் குளிப்பாட்டுறாங்க.”

“எப்போது முடியும்?”

செல்வின் பூங்கனியைப் பார்த்தார்.

“இப்பதாங்க ஆரம்பிச்சிருக்கேன்,” என்றாள் அவள், மெதுவாக. “இவளுக்குப் பேத்தி பொறக்குற வரைக்கும் ஆகுமுங்க.”

அதையே பதிந்துவிட்டு, செல்வின் வந்த வழியே இறங்கினார்.