சுருக்கமான பாஷை

முக்காட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண் சொன்னது ஒரே வரி. நெஞ்சில் கைவைத்து, இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"கிருப்பயா தியான் தீஜியே."

நேசையன் அதை ஒரு பக்கத்துக்கு மொழிபெயர்த்தார்.

"மலையில கயறும்போ மூச்சு முட்டுதாம் சாரே. ரப்பர் தோட்டத்துல பால்வெட்டுற வேலை. முன்னெல்லாம் ஒரே ஓட்டமா மேடு ஏறிருவாளாம், இப்ப நாலு மரத்துக்கு ஒருக்கா குத்தவைக்கணுமாம். மல்லாந்து படுத்தா நெஞ்சுமேல யாரோ ஏறி இருக்கது மாதிரி இருக்காம். மருமவ வேற மதிக்கல்லியாம்."

டாக்டர் ஆனந்தகிருஷ்ணன் பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவும் அந்த ஒரு வரியிலயா இருந்துச்சு?"

"சுருக்கமான பாஷை சாரே. அங்க வெயிலு ஜாஸ்தி. ரொம்பப் பேசினா நாக்கு காஞ்சிரும்."

மலையடிவாரத்து அரசு ஆஸ்பத்திரி அது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்களுக்காக மதியத்துக்கு மேல் ஒரு தனி அறை திறந்திருந்தார்கள். மொழிபெயர்க்க ஆள், ரிட்டயர்டு பட்டாளத்துக்காரர் நேசையன். யாரும் நியமிக்கவில்லை, தாமாக வந்து நாற்காலி போட்டுக்கொண்டவர். அவர் இந்தியில் அதட்டினால் லடாக்கில் பனி உருகும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியதும் அவரேதான்.

டாக்டருக்கு இந்தி தெரியாது. ஆனால் கிழவருக்கும் தெரியாது என்று அவருக்குக் கொஞ்ச நாளாகவே சந்தேகம். இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார்.

"எத்தனை நாளா இப்படி இருக்குன்னு கேளுங்க."

நேசையன் கேட்டார். "கிருப்பயா தியான் தீஜியே," என்றாள் அவள்.

"சித்திரையிலயிருந்து சாரே."

"முதல்லயும் இதையேதான சொன்னாங்க?"

"வார்த்தை ஒண்ணுதான். ராகம் வேற."

நர்ஸ் ஷைஜா சட்டென்று திரும்பி அலமாரியில் எதையோ தேட ஆரம்பித்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

இந்த ஆளை நம்பி ஒரு மாத்திரைகூட எழுத முடியாது, நாமே பார்த்துவிடுவோம் என்று டாக்டர் எழுந்தார். கண்ணைப் பார்த்தார். காலை அழுத்திப் பார்த்தார், விரல் பட்ட இடம் குழிந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் முகம் மாறியது. இடம் மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி வைத்தார். ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்.

தாள் வந்ததும் நெடுநேரம் பார்த்துவிட்டு நேசையனிடம் சொன்னார். தமிழ் புரியாதவள்தானே என்று குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"இதயத்துல ஒரு வால்வு சுருங்கியிருக்கும்னு நினைக்கேன். எக்கோ எடுத்துப் பாக்கணும். இப்படியே மலை ஏறிட்டிருந்தா ஒருநாள் மரத்தடியிலயே விழுந்துருவாங்க. இதை இப்ப சொல்லாதீங்க, பயந்துருவாங்க."

நேசையன் தலையாட்டி முடிக்கவில்லை, முக்காட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மருந்துல தீருமா சாரே, இல்ல கீறணுமா?"

டாக்டர் நேசையனைப் பார்த்தார். நேசையன் மோட்டுவளையைப் பார்த்தார்.

"கெட்டிக்காரி சாரே. அதுக்குள்ள தமிழ் படிச்சிட்டா."

அவள் முக்காட்டை எடுத்தாள். பக்கத்துக் கீரிப்பாறை ஊர்க்காரி பூங்கனி. முக்காடு போடக் கற்றுக்கொடுத்ததே கூட வேலை செய்யும் ஒடிசாக்காரிதானாம். மதியம் எங்கள் அறைக்குப் போ, அங்கே டாக்டர் தொட்டுப் பார்ப்பார் என்று சொன்னாளாம். நேசையனிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் தமிழில் ஒப்பித்துவிட்டுத்தான் பூங்கனி உள்ளே வந்திருந்தாள். மருமகள் விஷயம் உட்பட.

டாக்டருக்குக் கோபம் வந்தது. "உள்ளூர்க்காரங்களுக்குத்தான் காலையில ஓ.பி. இருக்கே. அங்க வந்து தமிழ்லயே சொல்ல வேண்டியதுதான? எதுக்கு இந்தக் கூத்து?"

"வந்தேன் சாரே. போன மாசம். ஒங்ககிட்டதான். மலையில கயறும்போன்னு ஆரம்பிச்சேன், கேஸ் டிரபிள்னு எழுதித் தந்துட்டீய. நான் அப்ப உக்காரக்கூட இல்ல."

டாக்டர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. காலையில் கேட் வரைக்கும் நிற்கும் வரிசைதான் ஞாபகம் வந்தது.

உட்கார்ந்தார். மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தார். மருந்திலேயே கட்டுப்படலாம், இல்லாவிட்டால் சின்னதாக ஒரு பலூன் விட்டு வால்வை விரிக்கவும் வழியுண்டு, எப்படியும் பிழைத்துக்கொள்வீர்கள் என்று அவளிடமே நிதானமாகச் சொன்னார். பலூனா என்று கேட்டு, பூங்கனி அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தாள்.

அவள் போன பிறகு, யார்மேலாவது பாயாமல் டாக்டரால் இருக்க முடியவில்லை.

"அவங்க சொன்ன இந்தியாவது நிஜமா, இல்ல அதுவும் உங்க சரக்கா?"

"இந்தி அசலு சாரே. நாகர்கோவில் ஜங்ஷன் மைக்குல வாறது. அவ மவன் சென்னைக்குப் போற அன்னைக்கு ரயிலு லேட்டு. கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடமாயிட்டு."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

நேசையன் எழுந்து, பட்டாளத்து விறைப்பில் நின்றார்.

"தங்களின் கனிவான கவனத்திற்கு, சாரே."