கொக்கிச் சண்டை

"ஏன் சார், ஷூ ஷாப்னா, கடை என்ன ஷூவோட சொத்தா?"

புரூஃப் ரூமிலிருந்து அக்காவின் குரல் மாடி வரைக்கும் கேட்டது. புது மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் வந்த நாளிலிருந்து தினமும் இதே கூத்துதான்.

அந்த அச்சகத்தில் ஆங்கிலப் பிழை திருத்த இரண்டே பேர். ஒருவர் அக்கா. இன்னொருவர் கொக்கிக்காரர். ஆங்கிலத்தில் இன்னாருக்குச் சொந்தம் என்று காட்ட எழுத்தின் தலையில் போடும் அப்பாஸ்ட்ரபிக்கு (') அங்கே கொக்கி என்று பெயர். கண்ட இடத்திலெல்லாம் அதை மாட்டி வைப்பதால் அவருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

மேனேஜர் இறங்கி வந்து வாசலில் நின்றார். உள்ளே 'Shoe's Shop' என்றிருந்த விளம்பரத் தாளைக் கொக்கிக்காரரிடம் நீட்டிக்கொண்டிருந்தார் அக்கா.

"ஒருத்தருக்குச் சொந்தம்னாதான் சார் கொக்கி. என்ன வகைக் கடைன்னு சொல்றதுக்கு எதுக்கு? பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"கடை முழுக்க ஷூதானேம்மா இருக்கு? அதுக்கே சொந்தம்னு நினைச்சுட்டேன்" என்றார் கொக்கிக்காரர், பச்சைப் பிள்ளை மாதிரி.

"அப்போ உங்க தலை முழுக்க என்ன இருக்கு?"

மேனேஜருக்கு அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போன வருஷம்தான் கணவரைப் பறிகொடுத்தவர். அவர் உயிரை இப்படியா வாங்குவது? தலை நரைத்தும் ஒரு கொக்கி மாட்டத் தெரியாத மனுஷனுக்கு இங்கே என்ன வேலை?

மதியம் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளையிலேருந்து அவரை பார்சல் பிரிவுக்கு மாத்திடறேன்மா. நீங்க நிம்மதியா வேலையைப் பாருங்க."

அக்காவின் முகம் வாடிப்போயிற்று.

"வேண்டாம் சார். இந்த ஆபீசுக்கே கொக்கி மாட்டக் கத்துக் கொடுத்தவர் அவர்தான்."

"அப்புறம் ஏன் தினமும் தப்பு பண்றார்?"

"வீட்டுக்காரர் போனப்புறம் நான் யார்கிட்டயும் பேசலை சார். பெத்த பிள்ளைங்ககிட்டகூட. யார் யாரோ ஆறுதல் சொன்னாங்க, வாயே திறக்கலை. ஒருநாள் இவர் ஒரு கொக்கியைத் தப்பா மாட்டியிருந்தார். என்னையும் மீறிக் கத்திட்டேன். அன்னையிலேருந்து தினம் ஒண்ணு தப்பா மாட்டி வைக்கிறார்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு விஷயம் தெரியும்னு அவருக்குத் தெரியாது. நீங்களும் காட்டிக்காதீங்க சார்."

மேனேஜர் சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் காலை, டீ கப்புகளைக் கழுவி வைக்கச் சொல்லி மேனேஜர் கைப்பட எழுதிய ஆங்கில அறிவிப்பு ஒன்று புரூஃப் ரூம் சுவரில் ஏறியது.

கொஞ்ச நேரத்தில் மாடி வரைக்கும் குரல் கேட்டது.

"மேனேஜர் சார்! கப் என்ன டீயோட சொத்தா?"