தோளில் ஒரு கை

வெளிநாட்டில் தானே பொங்கித் தின்று அலுத்துப்போன தனபாலன், பெண்டாட்டி கோமதியைக் கூட்டிப்போக வந்திருந்தான். பிரியமெல்லாம் இல்லை கண்ணுகளா, சோறுதான் காரணம். சுற்றுலா விசா என்றால் சீக்கிரமே திரும்ப வேண்டும், படிப்பு விசாவுக்கு அவளுக்கு வயது தாண்டிவிட்டது, மனைவி விசாதான் தோது என்றார் ஏஜெண்ட். ஆனால் இத்தனை வருஷமும் இருவரும் அன்னியோன்யமாக வாழ்ந்ததற்குப் போட்டோ வேண்டுமாம். கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு இவர்களுக்கு ஏது போட்டோ?

அதனால் அத்தனை வருஷங்களையும் ஒரே மத்தியானத்தில் ஸ்டூடியோவில் எடுத்தார்கள். தீபாவளிக்கு ஒரு புடவை, பிறந்தநாளுக்கு ஒன்று என்று கோமதி திரைக்குப் பின்னால் மாற்றி மாற்றிக் கட்டி வந்தாள்.

“அண்ணே, அக்கா தோள்ல கையைப் போடுங்க” என்றான் போட்டோக்காரன்.

தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பவனைப் போலத் தொட்டான் தனபாலன். ஒவ்வொரு படம் எடுத்ததும் அந்தக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான். கோமதி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கொஞ்சம் சிரிச்சுத் தொலைடி. இந்த மூஞ்சியைப் பார்த்தா எவன் விசா குடுப்பான்?”

கோமதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் முகத்தையும் அந்தக் கையையும் பார்த்து, கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள்.

அதைப் படம் பிடித்த போட்டோக்காரன் துள்ளினான். “அக்கா, இதைப் பார்த்தா எந்த ஆபீசரும் சந்தேகப்பட மாட்டான்!”

“அப்ப அந்தப் படத்தையே இவர்கூட அனுப்பிவிட்டுடுங்க தம்பி.”

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கினாள். தனபாலனின் கை, தோள் இருந்த உயரத்திலேயே நின்றது.