சிவப்பு ஒரு நூல் கீழே

"செவப்பு ரெண்டு நூல் லெஃப்ட்ல கீது," என்றார் சுவரோரம் நின்றிருந்த லியோனார்ட்.

எழில்மொழி சிவப்பு ஒளிக்கான கண்ணாடியின் திருகை ஆலன் சாவியால் கால் சுற்று திருப்பினாள். சாவியைத் தகர மூடிமேல் வைத்தாள். டிங் என்றது.

"இப்போ ஒரு நூல்."

இன்னும் கால் சுற்று. டிங்.

"போதும். இப்போ ஒசரம் பாரு. கீழ கீது."

ஷட்டரை இறக்கிவிட்டதால், மதியம் மூன்று மணிக்கே கிடங்கு இருட்டாக இருந்தது. இந்த முனையில், மேசைமேல், மூடி கழற்றிய லேசர் பெட்டி. நாற்பது அடி தள்ளி வெள்ளையடித்த சுவரில் மூன்று புள்ளிகள். பச்சையை அசைக்கக் கூடாது. சிவப்பையும் நீலத்தையும் கொண்டுபோய் அதன்மேல் உட்கார வைக்க வேண்டும். மூன்றும் ஒன்றானால் வெள்ளை. ஒரு நூல், அரைக்கால் அங்குலம், தள்ளினாலும் விழாவில் லேசர் எழுதும் எழுத்துக்கு எழுத்து ஓரத்தில் சிவப்பு வழியும்.

ராயபுரம் முழுக்க லைட் சர்வீஸ் வைத்திருந்தவர்களில் லேசர் வாங்கியது சௌக்கத் அலி பாய் ஒருவர்தான். அவர் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். லேசரைவிட லியோனார்டின் கண்ணைத்தான் பார்க்க வந்திருந்தார்.

போன ஞாயிறு எண்ணூரில் ஒரு கல்யாண வரவேற்பு. லியோனார்டும் உதவிக்கு எழில்மொழியும் போயிருந்தார்கள். பெட்டியின் முன்பக்கக் கண்ணாடியில் தூசி இருக்கிறதென்று லியோனார்ட் குனிந்து, வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைத்தார். எப்போதும் அப்படித்தான் துடைப்பார். அந்த நேரம் பார்த்து லேசர் எரிந்தது. ஒரு விநாடிகூட இருக்காது. வலது கண். இடது கண்ணில் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பார்வை இல்லை.

ஒன்றும் ஆகவில்லை என்றார். ஆனால் செவ்வாய்க்கிழமை பாய் நீட்டிய டீ கிளாஸுக்குப் பக்கத்தில் இருந்த காற்றைப் பிடித்தார்.

"செவுத்தாண்ட நின்னு புள்ளி சொல்லட்டும்," என்றார் பாய். "கரெக்டா சொல்லிட்டா வேலையில இருக்கட்டும். இல்லியா, வூட்டுக்குப் போவட்டும். கண்ணு தெரியாதவன வெச்சிகினு நான் யாருக்குப் பதில் சொல்றது?"

லியோனார்டுக்கு நாற்பத்தெட்டு வயது. வேறு வேலை தெரியாது.

சுவிட்சைப் போட்டது யார் என்று பாய் கேட்கவில்லை. லியோனார்டும் சொல்லவில்லை.

எழில்மொழி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சரியாகவே செய்தாள். சாப்பிட்டாள். பெரம்பூருக்கு மாலை வகுப்புக்குப் போனாள். கரும்பலகையில் இருந்ததை எழுதிக்கொண்டாள். கை மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது. இப்போதும் அந்தக் கைதான் திருகைத் திருப்பியது.

டிங்.

"ஒசரம் சரி. நீலம் ரைட்ல கீது, ஒரு நூல்."

டிங்.

"ஆங். ஒக்காந்துகிச்சு."

பாய் எழுந்தார். நேராக மேசைக்கு வந்து, அவள் கையிலிருந்து சாவியை வாங்கி, நீலத்தின் திருகில் விட்டு அரைச் சுற்று சுற்றினார்.

"இப்போ சொல்லு லியோனார்டு."

வெளியே ஒரு மின்சார ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைந்து நின்றது. மறுபடி கிளம்பியது.

"பாய்," என்றார் லியோனார்ட். "பிரியாணில மசாலா அள்ளிப் போடற கை அது. அதப் பொட்டிக்குள்ள வுடலாமா? ரெண்டு அவரா ஒட்டினத நிமிஷத்துல கலீஜ் பண்ணிட்டியே. அந்தப் பொண்ணுகிட்ட குடு நைனா."

பாய் சிரித்ததில் தொப்பை குலுங்கியது.

"வாய் மட்டும் அப்பிடியே கீது பாரு," என்று சாவியை அவளிடம் கொடுத்தார்.

அவர் வலப்பக்கமாக அரைச் சுற்று சுற்றியதை எழில்மொழி பார்த்திருந்தாள். இடப்பக்கமாக அரைச் சுற்று திருப்பினாள். டிங்.

"இதான். பழைய எடத்துக்கு வந்துகிச்சு."

பாய் நின்ற இடத்திலிருந்தே சுவரைப் பார்த்தார். அவருக்கு ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

"நல்லாத்தான்யா கீற. நான்தான் பேஜாரு ஆயிட்டேன்." சுவரைத் திரும்பப் பார்க்காமலே நடந்துபோய் லியோனார்டின் தோளில் தட்டினார். "ஆறு மணிக்குத் திருவொத்தியூர் ஸ்கூல்ல ப்ரோகிராம். இருவது அடி சாரம் கட்டி வெச்சிகிறாங்க. மேல ஏறி நீயே மாட்டிடு. வேற எவனையும் நம்ப முடியாது."

"ஏறிடறேன் பாய்."

ஷட்டர் பாதி ஏறி, மறுபடி இறங்கியது. பாயின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

லியோனார்ட் சுவரைப் பார்த்தபடியே நின்றிருந்தார்.

"எயிலு," என்றார் மெதுவாக. "வெள்ளையா வந்துச்சா?"

அன்று விடிகாலையிலேயே, பாய்க்குத் தெரியாமல், இருவரும் கிடங்குக்கு வந்திருந்தார்கள். அவள் சிவப்பையும் நீலத்தையும் சுற்று எண்ணி விலக்கி வைத்தாள். எத்தனையாவது சத்தத்துக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தாள். ஓரங்கள் அவருக்குத் தெரிந்தன, நடக்க முடிந்தது. நேராக எதைப் பார்த்தாலும் அதுதான் தெரியவில்லை.

அவள் சுவரருகே போய்க் குனிந்து பார்த்தாள். எண்ணித் திருப்பினாலும் திருகு அதே இடத்துக்கு வந்து நிற்பதில்லை. சிவப்பு ஒரு நூல் கீழே இருந்தது.

"வந்துச்சுண்ணா," என்றாள்.