விருந்தாளி மரியாதை

"இந்த மூக்கையும் விமானத்துல ஏத்திக்கிட்டு வந்தியே, அதுக்குத் தனியா டிக்கெட் கேக்கலையா?"

டெல்மர் கேட்டது சமூகக் கூடத்தின் கடைசி மேசை வரை கேட்டது. சோளச் சூப் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றார்கள். ரஸ்ஸலுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

நாற்பத்தாறு வயதில், வந்து அரை நாள்கூட ஆகாத ஊரில், முன்பின் தெரியாத ஒரு ஆள் மூக்கைப் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் சிவக்காது?

ரஸ்ஸல் பிறந்தது இங்கேதான், மிசூரி ஆற்றங்கரையில். ஒரு வயதில் அதிகாரிகள் வந்து அம்மா ஐரீனின் மடியிலிருந்து தூக்கிப்போய், ஒஹையோவில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வளர்த்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் நீ யார் என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. அம்மாவின் பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

காலையில் வெர்னாவின் வீட்டில் ஒரு நீளக் காகிதத்தை விரித்துக் காட்டினாள் வெர்னா. மண்டன், ஹிடாட்ஸா என்ற அமெரிக்கப் பழங்குடிக் குடும்பங்களில் யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதி வைப்பவள் அவள்தான். ரஸ்ஸலின் அம்மா பக்கம் எட்டுத் தலைமுறை கிடுகிடுவென்று மேலே ஏறியது. அணை கட்டியபோது ஏரிக்கு அடியில் போன ஊர்களில் வாழ்ந்தவர்கள், அதற்கும் முந்தியவர்கள், எல்லோரும் இருந்தார்கள். அப்பா பக்கம் ஒரே ஒரு கட்டம். அதுவும் காலி.

"குலம் நமக்கு அம்மா வழி. நீ எங்க காட்டுக்கோழிக் குலம், எனக்குத் தம்பி. அதுல சந்தேகமே வேணாம்" என்றாள் வெர்னா. "ஆனா நம்ம மொழியில பேர் வைக்கிறது அப்பாவோட குலத்து ஜனங்க. அந்தக் கட்டம் காலியா இருக்கிற வரைக்கும் உனக்குப் பேர் வைக்க ஆள் கிடையாது."

"அந்தப் பேருக்காகத்தான் அக்கா இவ்வளவு தூரம் வந்தேன். யாரையாவது கேட்டுப் பாக்கக் கூடாதா?"

"கேக்காம இருப்பேனா? மூணு பேர் பேரு அடிபடுது. மூணு பேரும் குடும்பஸ்தனுங்க, மூணு பேரும் செத்தாச்சு. பொணத்து மேல பழி போட யாரு வாயைத் திறப்பா? சரி, அதை விடு. கூடத்துல நாப்பது பேருக்குச் சமைக்கச் சொல்லியிருக்கேன். வா, முதல்ல சாப்பிடலாம்."

அப்பாவைத் தேடி வந்தவனுக்குச் சூப் எதற்கு என்று ரஸ்ஸலுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் போனான்.

கூடத்தில் எல்லோரும் தங்கமாகத்தான் நடந்துகொண்டார்கள். லாயிட் என்ற பெரியவர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். மர்லீன் என்ற அம்மாள் இனிப்பை இரண்டு தரம் கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். இவர்களில் யாராவது எனக்குச் சொந்தமாக இருக்க மாட்டார்களா என்று ரஸ்ஸல் ஏக்கத்தோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எதிரே உட்கார்ந்த டெல்மர்தான் அவனை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு மூக்கில் ஆரம்பித்தான்.

மூக்கோடு விட்டானா?

"பாருங்கய்யா, ரொட்டியை முள்கரண்டியால குத்துறான்! டேய், அது ஏற்கெனவே எண்ணெயில விழுந்து செத்துப்போச்சுடா!"

கூடம் குலுங்கியது. தங்கமான லாயிட்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ரஸ்ஸல் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஷூவைப் பாரு, கண்ணாடி மாதிரி! அதுல முகம் பாத்தா சவரம் பண்றே? அதான் பாதி தாடி அப்படியே நிக்குது!"

ரஸ்ஸல் பல்லைக் கடித்துக்கொண்டான். டெல்மர் எழுந்து நின்றான். இந்த முறை சுற்றிலும் பார்த்துவிட்டு, நிறுத்தி நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"ஒருத்தன் அப்பாவைத் தேடி வந்திருக்கானாம்! உங்கப்பன் தொட்டில்ல இந்தக் காதைப் பாத்திருப்பான்டா. வவ்வால் பொறந்திருக்குன்னு பயந்துதான் ஓடிட்டான்!"

 பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே கூச்சல், கைதட்டல்.

ரஸ்ஸல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். கோட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தான். மார்ச் மாதக் காற்று முகத்தில் அறைந்தது. கார்ச் சாவியைத் தேடி எடுத்தான். வெர்னா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"எங்கேடா போறே?"

"ஒஹையோவுக்கு. கூப்பிட்டு வெச்சு அவமானப்படுத்திட்டீங்க அக்கா. என் அப்பாவைப் பத்திப் பேச அவன் யாரு? நீங்களும் கூட நின்னு சிரிச்சீங்க."

"சிரிச்சேன்தான்."

"லாயிட் எவ்வளவு மரியாதையா நடந்துக்கிட்டாரு! மர்லீனம்மா எவ்வளவு மரியாதையா பேசினாங்க!"

"ஆமா, விருந்தாளிக்குக் குடுக்கிற மரியாதை. போன வாரம் மின்சாரக் கணக்கு எடுக்க வந்தவனுக்கும் அதையேதான் குடுத்தாங்க."

சொல்லிக்கொண்டே வெர்னா அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் கன்னமெல்லாம் கண்ணீர். வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஊரறிய ஒருத்தனை அப்படிக் கேலி பண்ணணும்னா, நம்மள்ல அதுக்கு முறை வேணும்டா. ரெண்டு பேரோட அப்பாவும் ஒரே குலமா இருக்கணும். முறை இல்லாதவன் பேசினா அவன் மானம் கப்பலேறிடும். அதுக்குத்தான் அந்த மூணு பேரோட குலத்து ஜனங்களையும், அந்தக் குலத்து ஆம்பளைங்க பெத்த பிள்ளைங்களையும் கூப்பிட்டு, உன்னை நடுவுல உக்கார வெச்சேன். டெல்மரோட அப்பா கத்திக் குலம். உள்ளே வா, உனக்கு யாரு பேர் வைக்கிறதுன்னு கத்திக் குலத்து அத்தைங்க ஏழு பேரும் அங்கே அடிச்சிக்கிறாங்க!"